பாதி ஷட்டர்

போர்ட் பிளேரில் என் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் சாம்பிராணி கொளுத்திவிடுகிறார்கள். ஒரு கறுப்பு வில்லை, ஒரு தகரத் தட்டு, ஒரு தீக்குச்சி. புகை முதலில் சாமி படத்துக்குப் போகிறது, பிறகு ஃபைல்களுக்கு, பிறகு எங்கள் தலைமுடிக்கு. மற்றவர்கள் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார்கள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். அங்கிருந்து கடல் தெரியும். என் கண் அதைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேறு: எங்கள் ஊர் ரங்கத் பஜாரில் ஒரு பலசரக்குக் கடை, பாதி ஏற்றிய ஷட்டர், அதன் கீழே குனிந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவரும் என் அக்கா.

நல்ல மணம்தான். ஊரே அப்படிச் சொல்லும். அந்த நல்ல மணம்தான் அன்றைக்கு எங்களைத் தோற்கடித்தது.

அக்காவுக்கு ஐம்பது கடந்துவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்றவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு "மேளம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னவள். ட்யூப் லைட் முனகுவது அவளுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் எப்போது மூச்சுப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று இங்கிருந்தே சொல்லுவாள். குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நடுக்கம் வருமாம். அதைக் கேட்டதும் தோட்டத்துக்குப் போய்விடுவாள். சத்தம் அவளுக்குக் காதோடு நிற்பதில்லை. பல்லில் இறங்கும், தோளில் இறங்கும், வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒரு நாள் முழுக்கப் பேச்சு வராது. வாசனையும் அப்படித்தான். வெளிச்சமும்.

ஆனால் மழை? எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காது. அக்கா அதன் கீழே கால் நீட்டி உட்கார்ந்து நிம்மதியாக ஊசி கோத்துக்கொண்டிருப்பாள். இது எப்படி உனக்கு ஒத்துவருது என்று கேட்டேன். "மழை காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே சொல்லிட்டு வருது. மிக்ஸி சொல்லிட்டா வருது?" என்றாள்.

மெயின்லேண்டிலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு டாக்டரம்மா அவளோடு வெகுநேரம் பேசினார். இது நோயில்லை, இவர் மூளை உலகத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, ஆட்டிசம் என்று இதற்குப் பெயர் என்றார். அப்போதே அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள், இந்தப் பெயரைக் கேட்காமலே. அக்கா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "பேரு வச்சாச்சு. இனிமே சத்தம் கொறையுமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தானா குறையாதும்மா. குறைச்சுக்கங்கன்னு மத்தவங்களைக் கேட்கலாம்" என்றார்.

கேட்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத சொல் அது. நாங்கள் பஞ்சு வாங்கினோம், ஜன்னலை மூடினோம், விருந்தாளிகளை வாசலோடு அனுப்பினோம். ஊரைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாக என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்தவர். ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பாக்கு மரங்களுக்கு நடுவில் அவர் போட்ட வீடு அது. அவருக்குப் பின் அம்மா, அம்மாவுக்குப் பின் நானும் அக்காவும். எனக்கு அரசாங்க ஆபீசில் வேலை. அக்கா புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள், மெஷின் இல்லாமல், கையாலேயே. தெரிந்த பெண்கள் புடவையை வேலியில் போட்டுவிட்டுப் போவார்கள், தைத்து முடிந்ததும் வேலியிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். சமைப்பாள், கிணற்றில் இறைப்பாள், தனியாக இருக்கவும் தெரியும். கடைக்குப் போக மட்டும் முடியாது. ரங்கத்தில் கப்பல் சரக்கு வந்து இறங்கும் நாளில் பஜாரைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. வெங்காய லாரி, தக்காளிக் கூடை, தமிழும் பெங்காலியும் தெலுங்கும் ஒன்றோடொன்று முட்டி இந்தியில் போய் விழும் கூச்சல், கடைக்கொரு ஸ்பீக்கர், நடுவில் கரண்ட் போய்விட்டால் வரிசையாக உறுமும் ஜெனரேட்டர்கள்.

எனக்குப் பதவி உயர்வும் போர்ட் பிளேருக்கு மாற்றலும் ஒன்றாக வந்தன.

"நான் வரல" என்றாள் அக்கா.

"தனியா எப்படி இருப்ப?"

"இந்த வீட்டுச் சத்தம் அத்தனையும் எனக்குப் பாடம். எந்தத் தகரம் எப்ப டக்குங்கும், ராட்டினம் எந்தச் சுத்துல கிறீச்சிடும், எல்லாம் தெரியும். புது வீட்டுச் சத்தத்தை இந்த வயசுல எவ உக்காந்து படிக்கிறது?"

"அரிசி பருப்பு யாரு வாங்குவா?"

அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரையாவது கொண்டாந்து போடச் சொல்றேன்."

"வர்றவங்க கதவத் தட்டுவாங்க. சோப்பைத் தப்பா வாங்கிட்டு வருவாங்க. நீயே தப்பாத்தான் வாங்கிட்டு வர்ற."

"எந்தச் சோப்புதான் உனக்குச் சரி? சொன்னா வாங்கிட்டு வர்றேன்ல?"

"எனக்கு எப்படித் தெரியும்? என்னிக்கு நான் கடையில நின்னு மோந்து பாத்தேன்?"

அந்தக் கேள்வி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் எல்லாம் இதில் வந்து நின்றது: அவளே ஒரு கடைக்குப் போய்வர முடிந்தால், அவள் வீட்டில் அவள் இருப்பாள். முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு, பஸ்சும் ஆட்டோவும் ஓயாத ஒரு தெருவில், மாடி வீட்டில். அங்கே அவள் என்ன ஆவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பேசவில்லை.

வழி காட்டியது கரண்ட்தான். அதுவும், இல்லாமல் போய்.

அக்காவுக்குப் பல்வலி. ஆஸ்பத்திரிக்கு பஜார் வழியாகத்தான் போகவேண்டும். காதில் பஞ்சு, கையில் என் முந்தானை, கண் தரையில், இப்படி நடந்துகொண்டிருந்தாள். அந்தச் சமயம் கப்பல் தாமதம், ஊரில் டீசல் தட்டுப்பாடு. நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் அண்ணாச்சி கடைக்கு எதிரே வந்தபோது கரண்ட் போனது. "லைட் கயா!" என்று யாரோ ஒருவர் வழக்கம்போலக் கத்தினார். வழக்கமாக அந்தச் சொல் முடிவதற்குள் ஜெனரேட்டர்கள் எழுந்துவிடும். அன்று எழவில்லை. ஸ்பீக்கர்கள் செத்தன, ஃபிரிட்ஜ்கள் செத்தன, விசிறிகள் சுற்றிச் சுற்றி நின்றன. பஜாரின் மேல் யாரோ ஈரத் துணியைப் போட்டது போல இருந்தது. எங்கோ ஒரு கோழியின் சத்தம் கேட்டது.

அக்கா என் முந்தானையை விட்டாள்.

திரும்பிப் பார்த்தால் அவள் அண்ணாச்சி கடைக்குள் நிற்கிறாள். அலமாரிக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தில் நிற்பதுபோல. பிஸ்கட் பாக்கெட்டுகளின் நிறத்தை வரிசையாகப் பார்த்தாள். பருப்பு மூட்டைக்குள் விரலை விட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான அண்ணாச்சி, இத்தனை வருஷமாக என்னை மட்டுமே பார்த்தவர், கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். பிறகு கரண்ட் வந்துவிட்டது. எல்லாம் ஒரே அடியாக அவள் மேல் விழுந்தன. வெளியே வந்துவிட்டாள், உதடு வெளுத்திருந்தது. ஆனால் வீடு வந்து, வெகுநேரம் கழித்துப் பேச்சு திரும்பியபோது முதலில் சொன்னது, "அவரு கடையில நாலு வகை உளுந்து இருக்கு" என்பதுதான். இருபது வருஷமாக ஒரே உளுந்தைத்தான் நான் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போய்க் கேட்டேன். டாக்டரம்மா சொன்ன அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு. வாரத்தில் ஒருநாள், மத்தியானம் கடை மூடியிருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம், லைட், விசிறி, ஸ்பீக்கர், ஃபிரிட்ஜ் எதுவும் இல்லாமல் திறந்துவைக்க முடியுமா?

"கடையை இருட்டுல போட்டுட்டு யாவாரமா? அண்ணாச்சி திவாலாயிட்டாருன்னுல்லா ஊர்ல சொல்லுவாவ."

"எப்படியும் மத்தியானம் மூடித்தானே வைக்கிறீங்க?"

"அது நான் ஒறங்குத நேரம்மா."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, எங்களுக்கு மதினி, முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்: "ஒறங்காம இருங்க. உங்க கொறட்டைக்கு எனக்கும் ஒரு மணி நேரம் லீவு கெடைக்கும்."

"ஃபிரிட்ஜ நிறுத்துனா ஐஸ்கிரீம் பாயசமாயிரும்ட்டீ."

"மூடியத் தெறக்காம இருந்தா ஒண்ணும் ஆவாது. கரண்டு போவாத ஊருலயா நாம குடும்பம் நடத்துதோம்?"

அப்படித்தான் முடிவானது. வியாபாரம் மந்தமான செவ்வாய்க்கிழமை. ஷட்டரைப் பாதி ஏற்றி வைப்பது, அக்கா உள்ளே இருக்கும்போது அதைத் தொடக்கூடாது, அந்தக் கடகடச் சத்தம் ஆகாது. எல்லாவற்றையும் சொன்னேன். வாசனையைப் பற்றி மட்டும் சொல்லத் தோன்றவில்லை. கடை என்றால் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமையில் புதிதாக ஒன்றை யாராவது தொடங்குவார்களா? மதினிக்கு அது உறுத்தியிருக்கிறது. நல்ல காரியம், ஒரு பொம்பளைப் பிள்ளை முதன்முதலாகக் கடைக்கு வருகிறது, கெட்டது எதுவும் அண்டக்கூடாது. எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வாசலின் இரண்டு பக்கமும் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். அப்புறம் கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஒன்றல்ல, நாலு மூலைக்கும் நாலு. அக்காவுக்குக் காட்டவேண்டிய மரியாதை எவ்வளவு உண்டோ அவ்வளவும் செய்து, தலையில் பூ வைத்துக்கொண்டு, வாய் பேசாமல் காத்திருந்தாள்.

அக்கா குனிந்து உள்ளே போனாள். காற்று நுழையாத கடை, நிறுத்தி வைத்த விசிறி. புகை அப்படியே நின்றுகொண்டிருந்தது. மூன்று அடி வைத்தாளோ என்னவோ. ஓடி வந்தாள். பஜார் முழுக்க மத்தியான உறக்கத்தில் இருந்தது, அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பின்னால் மதினி, "என்னம்மா ஆச்சு, நான் என்ன செஞ்சேன்" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். சத்தம் போடக்கூடாது என்பதை அந்த நேரத்திலும் அவள் மறக்கவில்லை.

அதன் பிறகு அக்கா வாசலுக்கே வரவில்லை. வேலியில் புடவைகள் சேர்ந்தன. சாப்பிட்டாள், தூங்கினாள், பேசவில்லை. நான் இரண்டு பெட்டிகளில் துணி அடுக்கத் தொடங்கினேன். என் பெட்டி, அவள் பெட்டி. அவள் கதவருகில் நின்று, தன் துணிகள் உள்ளே போவதைப் பார்த்தாள். ஒரு பழைய துண்டை மட்டும் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். நான் அதை மறுபடி எடுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் எங்கள் கேட்டுக்கு வெளியே குடை தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கேட்டில் நின்று குரல் கொடுப்பதுதான் வழக்கம், ரோட்டுமுனை வரை கேட்கும்படி. அந்தக் குடை குரல் கொடுக்கவில்லை. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஜன்னலில் இருந்து அக்கா பார்த்தாள். பிறகு தலையில் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனாள். பின்னால் நானும்.

மதினிக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். சாமிக்குப் பிடிச்ச வாசனைன்னு."

அக்கா யோசித்தாள். அவள் பேசி நாளாகியிருந்ததால் குரல் கரகரத்தது. "சாமிக்கு மூக்கு இருக்கறது எனக்குத் தெரியும் மதினி. எனக்கும் இருக்கு."

மதினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சாமிய விடியக்காலமே கும்பிட்டுக்கிடுதேன். அது சாமிக்குத் தனி நேரம். மத்தியானம் உனக்குத் தனி நேரம். ரெண்டையும் கலக்க மாட்டேன்."

"ஊதுபத்திக் கட்டு?"

"குடோனுக்கு."

"ஃபினாயில்?"

"வெறும் தண்ணி."

"அப்ப வர்றேன்" என்றாள் அக்கா.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடை வெறும் கடையாக இருந்தது. பின்பக்க ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டிருந்தார்கள். எலக்ட்ரானிக் தராசு ஒவ்வொரு எடைக்கும் ஒரு கூவல் போடுகிறது என்பதை அண்ணாச்சி அந்த வாரம்தான் கவனித்தாராம். பழைய தட்டுத் தராசைத் தேடி எடுத்து, தட்டு கிலுங்காமல் துணி விரித்திருந்தார். இரண்டு தட்டிலும். "எடை மாறிரக் கூடாதுல்லா" என்றார் மெதுவாக.

அக்கா சோப்பு அலமாரிக்கு முன்னால் நின்றாள். ஒவ்வொன்றாக எடுத்து, முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாள். வேண்டாதவற்றை எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்தாள். கடைசியில் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த, குழந்தைகளுக்கான வெள்ளைச் சோப்பு ஒன்று. அதற்கு வாசனையே கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இத்தன வருஷமும் எனக்கு ஆகாத சோப்புலதான் குளிச்சிருக்கேன்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொண்ட குரல். அதனால்தான் எனக்கு வலித்தது.

அண்ணாச்சி இதை யாரிடமும் விளம்பரம் செய்யவில்லை. ஆனால் பாதி ஏறிய ஷட்டர் ஊரில் கேள்வியாகாமல் இருக்குமா? முதலில் வந்தவர் ஒரு வயதான காண்ட்ராக்டர், காதுமெஷின் வைத்தவர். மனிதர் பேச்சையும் ஜெனரேட்டரையும் அந்த மெஷின் ஒரே அளவில் பெருக்கிக் கொடுக்கிறது, அதனால் பஜாருக்கு வந்தால் கழற்றிப் பையில் போட்டுவிடுவாராம். இங்கே மாட்டிக்கொண்டே நின்றார். அண்ணாச்சி சொன்ன விலை முதல் தடவையே கேட்டது. முதல் தடவையே பேரமும் பேசினார். "இதுக்கு அந்தச் சத்தமே தேவலைம்மா" என்று அண்ணாச்சி என்னிடம் முனகினார்.

பெங்காலிப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வருவாள், குழந்தை விழிக்காமலே வாங்கி முடிப்பாள். இன்னொரு அம்மாள் கச்சாலிலிருந்து வந்தவர். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து திரும்பி, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். கடல் எழுந்து வந்த அந்தக் காலையில் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, இப்போது மகனோடு ரங்கத்தில். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும்போது அவருக்குக் கால் தானாக மேட்டுப் பக்கம் திரும்பிவிடுமாம். "அது மெஷின்னு புத்திக்குத் தெரியும் புள்ள. காலுக்குத் தெரியல்ல" என்றார். அவர் வாங்குவது கொஞ்சம்தான். தேயிலைத்தூள், கருவாடு. வாங்கிவிட்டும் போகமாட்டார், மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார். அவரும் அக்காவும் ஒரு சொல் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருவருக்கொருவர் இடம் ஒதுக்கிக்கொள்வார்கள்.

அண்ணாச்சியே ஒருநாள் கல்லாவில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இந்த ஒரு மணி நேரத்துலதாம்மா நான் நெனைக்கிறது எனக்குக் கேக்குது. கேட்டுட்டு என்ன செய்யதுக்குன்னுதான் தெரியல."

ஆனால் கப்பல் எந்தக் கிழமையையும் மதிக்காது. நான் கிளம்புவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, அக்கா தனியாகப் போய்வரவேண்டும் என்று முடிவு. நான் எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில், அவள் கண்ணில் படாமல் நின்றேன். அவள் குனிந்து உள்ளே போனதும் சரக்கு லாரி வந்துவிட்டது. நாள்கணக்கில் தாமதமான கப்பல், வாடத் தொடங்கிய காய்கறி, வெயில். டிரைவர் ஒரு ஹாரன் அடித்தான். இன்றைக்கு ஓடி வந்தால் இனி அவள் வீட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கும் அந்தப் பெட்டியைத்தான் தூக்கவேண்டும்.

அண்ணாச்சி ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே வந்தார். அந்த வயிறோடு அவர் குனிந்து வந்ததை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கையையும் நீட்டி லாரியின் முன்னால் நின்றார். இன்ஜினை அணைக்கச் சொல்லிச் சாவி திருப்புவதுபோல் விரலைத் திருப்பினார்.

டிரைவர் எட்டிப் பார்த்தான். "க்யா ஹுவா சேட், கோயி மர் கயா க்யா?" யாராவது செத்துவிட்டார்களா என்று.

"நஹி" என்றார் அண்ணாச்சி. "அந்தர் ஏக் ஆத்மி சாமான் லே ரஹா ஹை." உள்ளே ஒரு ஆள் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவுதான் சொன்னார். நோய் என்றோ, பாவம் என்றோ, அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதிரி என்றோ சொல்லவில்லை. டிரைவர் தலையைச் சொறிந்தான். இன்ஜின் நின்றது. லோடுமேன்கள் டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்கள். தக்காளி வெயிலில் கிடந்தது. ஷட்டரின் கீழ் இருட்டையே நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா வந்தாள். ஓடி வரவில்லை. உதடு வெளுத்திருந்தது, ஹாரன் பல்லில் இறங்கியிருக்கும். ஆனால் நடந்து வந்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு, நான் நின்ற பக்கம் பார்க்காமல், வீட்டு வழியில். பையின் வாய்க்கு மேலே ஒரு உளுந்துப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்குப் போனதும் நான் அவள் பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டேன். அவள் ஒவ்வொன்றையும் தனக்குப் பிடித்த வரிசையில் மாற்றிப் போட்டாள்.

போர்ட் பிளேர் பஸ் விடியலில். வழியில் பாராடாங் படகுத்துறையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விடவேண்டும். அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டாள், கேட் வரைதான். பாக்கு மரங்களுக்கு மேலே வெளுத்திருந்தது. காட்டில் இன்னும் பூச்சிகள் அடங்கவில்லை. அவள் மேல் எந்த வாசனையும் இல்லை. வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவளைப்போல இருந்தாள். அவளை யாரும் கட்டிப்பிடிக்கக்கூடாது என்பதால் என் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன்" என்றேன்.

"போன் வேணாம், மணி அடிக்கும். மெசேஜ் போடு."

"சரி. தினமும் போடறேன்."

அவள் கேட்டைச் சாத்தினாள், கொக்கி சத்தமிடாமல் விரலால் தாங்கி. பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல நிமிர்ந்தாள்.

"செவ்வாக்கெழம மத்தியானம் மட்டும் போடாத. நான் கடைக்குப் போயிருப்பேன்."